பணிப்பட்டியல் செம்மையாக்கமும் உரைமரபும்: சங்க இலக்கியத் தேடுகருவியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மென்பொருள் குழுக்கள் தாம் செய்யவேண்டிய பணிகளைப் பட்டியலாக்கி, அப்பட்டியலைத் தொடர்ந்து பகுத்தும் தெளிவாக்கியும் வரிசைப்படுத்தியும் வருகின்றன. ‘செம்மையாக்கம்’ எனப்படும் இச்செயல் இதுவரை மேலாண்மை நோக்கிலேயே பெரிதும் விளக்கப்பட்டுள்ளது. ஒரு குறுந்தொடரின் பொருளைப் பலர் கூடி வரையறுக்கும் மொழிச்செயலாக இதனை இக்கட்டுரை நோக்குகின்றது. நன்னூல் கூறும் காண்டிகையுரையின் உறுப்புகள் இச்செயலை விளக்க எவ்வளவு துணைசெய்கின்றன, எவ்விடத்தில் பொருந்தாது போகின்றன என்பவை சங்க இலக்கியச் சொல் தேடுகருவி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பணிப்பட்டியல், செம்மையாக்கம், பயனர் கதை, காண்டிகையுரை, ஏற்பு வரையறை, சொல்லடைவு, புணர்ச்சி.

முன்னுரை

‘இச்சொல் சங்க இலக்கியத்தில் பயிலவில்லை’ என்னும் கூற்று தமிழாய்வில் கனமான ஒன்றாகும். ஒரு நூலின் காலத்தை உறுதிசெய்யவும், ஒரு வழக்கின் தோற்றத்தைக் கணிக்கவும், இடைச்செருகல் என ஒரு பாடலை ஐயுறவும் இத்தகைய கூற்றுகள் சான்றாகின்றன. முன்னர் இவ்வாறு கூற விழைந்தவர் அச்சிட்ட சொல்லடைவுகளைப் புரட்டினார். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பழந்தமிழ்ச் சொல்லடைவும், தாமசு லேமன், தாமசு மால்டன் ஆகியோர் 1990களின் தொடக்கத்தில் கணினித் துணையுடன் உருவாக்கிய சங்க இலக்கியச் சொல்லடைவும் இவ்வகையின. இன்று ஆய்வாளர் ஒரு தேடுபெட்டியில் சொல்லைத் தட்டச்சிடுகின்றார். திரை ‘0’ எனக் காட்டினால் சொல் இல்லை என்று முடிவுகட்டுகின்றார்.

அந்தச் சுழியத்திற்குப் பொறுப்பானவர் யார் என்னும் வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய். அச்சு அடைவில் ‘சொல்’ என்பது எது என்பதை அடைவாசிரியர் முடிவுசெய்தார். அம்முடிவை முன்னுரையில் விளக்கவும் செய்தார். மென்பொருளிலோ அம்முடிவு பெரும்பாலும் தமிழறிஞர் எவரும் இல்லாத ஓர் அறையில், அரைமணி நேரக் கூட்டமொன்றில் எடுக்கப்படுகின்றது. நிரல் எழுதப்படுவதற்கு முன் நிகழும் அக்கூட்டத்தைத் தமிழாய்வாளர் அறிந்துகொள்வது இன்றியமையாததாகின்றது.

பெயர்களும் பெயர்மாற்றங்களும்

2001ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துச் சுனோபேர்டில் கூடிய 17 மென்பொருளாளர்கள் வெளியிட்ட அறிக்கையே ‘அஜைல்’ என்னும் பெயருக்கு அடிப்படை. விரிவான ஆவணங்களைக் காட்டிலும் இயங்கும் மென்பொருளையே தாம் பெரிதும் மதிப்பதாக அவ்வறிக்கை கூறிற்று. இவ்வணுகுமுறையைப் பின்பற்றும் சட்டகங்களுள் ‘ஸ்கிரம்’ பரவலானது. கென் ஷ்வேபர், ஜெஃப் சதர்லேண்ட் ஆகிய இருவரும் 2010 முதல் வெளியிட்டுவரும் ‘ஸ்கிரம் வழிகாட்டி’ அதன் மூலநூல். அதன்படி, ஒரு மென்பொருளில் இனிச் செய்யவேண்டியவை அனைத்தும் ‘ப்ராடக்ட் பேக்லாக்’ என்னும் ஒரே பட்டியலில் இடம்பெறும். அப்பட்டியலுக்கு ஒருவரே பொறுப்பு. அவரை ‘உரிமையாளர்’ என நேர்பெயர்ப்பது உடைமைப் பொருளைத் தந்துவிடும் என்பதால், ‘பொருட்பொறுப்பாளர்’ என இங்குக் குறிக்கப்படுகின்றார். குழு ஒரு மாதத்திற்கு மேற்படாத குறுகிய காலச் சுற்றுகளில் பணிசெய்யும். ஒவ்வொரு சுற்றும் ‘ஸ்பிரின்ட்’ எனப்படும்.

‘பேக்லாக்’ என்னும் சொல்லின் வரலாறு சுவையானது. அடுப்பின் பின்புறம் நெடுநேரம் கனன்றுகொண்டிருக்க இடப்படும் பெருங்கட்டையை 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது குறித்தது. பின்னர்ச் சேமித்துவைத்த இருப்பு என்றும், அதன்பின் முடிக்கப்படாது தேங்கிய வேலை என்றும் பொருள் திரிந்தது. பின்வந்த பொருளை மட்டும் கொண்டு ‘நிலுவை’ எனப் பெயர்த்தால் கடன்பட்ட உணர்வு வந்து ஒட்டிக்கொள்கின்றது. இந்தியக் கல்லூரிகளில் தேறாத தாள்களையும் ‘பேக்லாக்’ என்றே வழங்குவதால், தமிழ் மாணவர் செவிக்கு அது ‘அரியர்’ என்பதன் உடன்பிறப்பாகவே ஒலிக்கும். பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் செய்தே தீரவேண்டும் என்பது நிலுவையின் இலக்கணம். செய்யாமலே நீக்கப்படுவனவும் உண்டு என்பது இப்பட்டியலின் இலக்கணம். எனவே ‘பணிப்பட்டியல்’ என்னும் நடுநிலையான பெயர் இக்கட்டுரையில் ஆளப்படுகின்றது.

வழிகாட்டியின் பதிப்புகளுக்கிடையே நிகழ்ந்த சொல்மாற்றங்களும் கருதத்தக்கன. பட்டியலைச் சீர்செய்யும் செயல் 2011ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘குரூமிங்’ எனப்பட்டது. குழந்தைகளைத் தீயநோக்குடன் வயப்படுத்துதல் என்னும் பொருள் அச்சொல்லுக்கு ஆங்கில வழக்கில் வலுத்திருந்த நிலையில், 2013ஆம் ஆண்டுப் பதிப்பு ‘ரிஃபைன்மென்ட்’ என்பதை ஆண்டது. பழைய பெயர் தமிழக அலுவலகங்களில் இன்றும் வழங்குகின்றது. 2011ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே பட்டியல் ‘முன்னுரிமைப்படுத்தப்பட்டது’ என்பது ‘வரிசைப்படுத்தப்பட்டது’ என மாறிற்று. முன்னுரிமை என்றால் பத்துப் பணிகளுக்கும் ‘மிக முக்கியம்’ என ஒரே முத்திரை குத்திவிடலாம். வரிசை என்றால் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நிறுத்தியாக வேண்டும். ஒரு சொல்லை மாற்றியதாலேயே ஒரு தப்புவழி அடைபட்டது.

செம்மையாக்கம் என்பது பட்டியலின் உறுப்புகளைச் சிறிய, துல்லியமான உறுப்புகளாகப் பகுத்து, அவற்றின் விளக்கம், வரிசை, அளவு ஆகியவற்றை வரையறுக்கும் தொடர்செயல் என 2020ஆம் ஆண்டுப் பதிப்பு விளக்குகின்றது. அதற்கெனத் தனிக்கூட்டம் எதனையும் அது விதிக்கவில்லை. குழுவின் ஆற்றலில் 10 விழுக்காட்டுக்கு மேல் இது வழக்கமாகக் கொள்ளாது என 2017ஆம் ஆண்டுப் பதிப்பு கூறிய அளவும் 2020இல் கைவிடப்பட்டது. எனினும் வாரந்தோறும் ஒரு கூட்டம் என்னும் நடைமுறையே பல குழுக்களில் காணப்படுகின்றது.

குறுந்தொடரும் ‘வேண்டும்’ என்னும் முற்றும்

பணிப்பட்டியலின் உறுப்புகள் பெரும்பாலும் ‘பயனர் கதை’ என்னும் வடிவில் எழுதப்படுகின்றன. கிரைஸ்லர் நிறுவனத்தின் ஊதியக் கணக்கு மென்பொருள் திட்டத்தில் 1990களின் பிற்பகுதியில் கென்ட் பெக் முதலானோர் மேற்கொண்ட முறையிலிருந்து இது வளர்ந்தது. கதை என்னும் பெயர் இருப்பினும் அதில் கதை இல்லை. சிறு அட்டையொன்றில் அடங்கும் ஒரு தொடரே உண்டு. ரான் ஜெஃப்ரீஸ் 2001இல் இதன் மூன்று கூறுகளாக அட்டை, உரையாடல், உறுதிப்படுத்தல் ஆகியவற்றைச் சுட்டினார். அட்டை முழுமையான ஆவணம் அன்று. பின்னர் நிகழவேண்டிய உரையாடலை நினைவூட்டும் அடையாளமே. நூற்பாவின் சுருக்கம் உரையை எதிர்நோக்கி அமைவதுபோல் அட்டையின் சுருக்கம் உரையாடலை எதிர்நோக்கி அமைகின்றது.

இவ்வடிவத்தின் வாய்பாடு 2001ஆம் ஆண்டளவில் இலண்டனில் இயங்கிய கனெக்ஸ்ட்ரா நிறுவனத்தில் தோன்றி, மைக் கோன் 2004இல் வெளியிட்ட நூலால் பரவியது. ‘இன்னாராகிய நான், இன்னதை விரும்புகிறேன், இன்ன பயனுக்காக’ என்பது அதன் ஆங்கில வரிசை. பயன் இறுதியில் நிற்பதால் அதனை விட்டுவிட்டாலும் வாக்கியம் குறைவுபடுவதில்லை. நடைமுறையில் மிகுதியாக விடுபடுவதும், விடுபடாதபோது வெறும் நிரப்பியாக எழுதப்படுவதும் அப்பகுதியே. ‘தேடும் வசதி வேண்டும், தேடுவதற்காக’ என்னும் தரத்தில் அமைந்த அட்டைகள் எந்தக் குழுவுக்கும் புதியவை அல்ல. தமிழ்த் தொடரமைப்பு இதற்கு மாறானது. வினைமுற்று இறுதியில் நிற்பதால் பயனைக் கூறும் எச்சத்தொடர் இயல்பாக முன்வருகின்றது: ‘ஒரு சொல்லின் பொருள் மாற்றத்தைக் காலவரிசையில் ஆராய்தற்பொருட்டு, ஆய்வாளருக்கு, அச்சொல் பயிலும் இடங்களின் பட்டியல் வேண்டும்.’ பயனைச் சொல்லித் தொடங்கியவர் அதற்குப் பொருந்தாத ஒன்றைக் கேட்டு முடிப்பது எளிதன்று.

ஆயின் அதே தொடரின் இறுதியில் நிற்கும் ‘வேண்டும்’ ஓர் இடரைத் தருகின்றது. விருப்பம், தேவை, கட்டாயம் ஆகிய மூன்றையும் அவ்வொரு முற்றே உணர்த்துகின்றது. ‘எனக்குத் தேநீர் வேண்டும்’, ‘பயிருக்கு நீர் வேண்டும்’, ‘வரி செலுத்த வேண்டும்’ என்பவற்றில் வன்மை வேறுவேறு. ஆங்கிலத் தொழில்நுட்ப ஆவணங்களில் கட்டாயம், பரிந்துரை, விருப்பம் ஆகியவற்றுக்குத் தனித்தனித் துணைவினைகளை வரையறுத்துக்கொள்ளும் வழக்கம் நிலைபெற்றுள்ளது. இணைய நெறிமுறைகளுக்காக 1997இல் வெளியான 2119ஆம் எண் குறிப்பு அதற்குச் சான்று. தமிழில் தேவைகளை எழுதுவோர் ‘வேண்டும்’, ‘நன்று’, ‘அமையலாம்’ எனத் தமக்குள் ஒரு வரையறை செய்துகொண்டாலன்றி, கட்டாயமும் விருப்பமும் ஒரே வரிசையில் நின்றுவிடும்.

தமிழகத்து மென்பொருள் அலுவலகங்களில் பொதுவாகக் காணத்தகும் மற்றொரு நிலையும் உண்டு. உரையாடல் தமிழும் ஆங்கிலமும் கலந்து நிகழ்கின்றது. அட்டை ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றது. இடையில் ஒரு மொழிபெயர்ப்பு நிகழ்வதை எவரும் உணர்வதில்லை. ‘அதை அப்புறம் பாத்துக்கலாம்’ என்று ஒருவர் கூறினால், அடுத்த சுற்றில் செய்வோம் என்றும், சிக்கல் வந்தால் கவனிப்போம் என்றும், செய்யப்போவதில்லை என்றும் பொருள்கொள்ள இடமுண்டு. அட்டையில் ஏறுவது அவற்றுள் ஒன்று மட்டுமே. எந்த ஒன்று என்பது தட்டச்சிடுபவரைப் பொறுத்தது.

காண்டிகையுரையும் செம்மையாக்கக் கூட்டமும்

நன்னூல் உரையைக் காண்டிகை, விருத்தி எனப் பகுத்துக் கூறும். கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு ஆகிய மூன்றும், அவற்றோடு வினாவும் விடையும் சேர்ந்து வருவதும் காண்டிகையின்பாற்படும். உரையின் பொதுவிலக்கணம் கூறுமிடத்துப் பதினான்கு கூறுகளை எண்ணும் அந்நூல், ஐயத்திற்கிடமான இடத்தில் முடிவுரைக்கும் ‘துணிவு’, ‘பயன்’ ஆகியவற்றையும் அவற்றுள் வைக்கின்றது. செம்மையாக்கக் கூட்டத்தில் நிகழ்பவற்றைப் பிரித்தறிய இப்பெயர்கள் பெரிதும் துணைசெய்கின்றன. பொருட்பொறுப்பாளர் அட்டையின் கருத்தைக் கூறுகின்றார். நிரலாளர் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேட்கின்றார். சோதனையாளர் எடுத்துக்காட்டு வேண்டுகின்றார். வினாக்கள் எழுகின்றன, சில விடை பெறுகின்றன, விடை பெறாதவற்றில் ஒரு துணிவு தேவைப்படுகின்றது. பல கூட்டங்கள் கருத்தோடும் வினாவோடும் நின்றுவிடுகின்றன. பதப்பொருள் விடுபடுகின்றது. எல்லாருக்கும் தெரிந்த சொல்தானே என்னும் எண்ணமே அதற்குக் காரணம்.

விளக்கத்தின்பொருட்டுப் பின்வரும் அட்டையைக் கொள்ளலாம்:

‘சொல்லாய்வு செய்தற்பொருட்டு, ஆய்வாளருக்கு, சங்கப் பாடல்களில் ஒரு சொல் வரும் இடங்கள் அனைத்தும் வேண்டும்.’

படிப்பவர் எவருக்கும் இது தெளிவான தொடராகவே தோன்றும். தேடப்படும் சொல் ‘நீர்’ எனக் கொண்டு பதப்பொருள் காணப் புகுந்தால் அத்தெளிவு நிலைப்பதில்லை.

முதலாவது, எழுத்து. யூனிகோடு முறையில் அகரமேறிய மெய்யே அடிப்படைக் குறி. புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் அதனையடுத்துத் தனிக்குறிகளாக நிற்கின்றன. ‘நீர்’ என்பதன் இறுதியில் ரகரமும் புள்ளியும் உள்ளன. ‘நீரின்’ என்பதில் அதே ரகரத்தையடுத்து இகரக் குறி உள்ளது. எனவே ‘நீர்’ என்னும் குறித்தொடரைக் கணினி ‘நீரின்’, ‘நீரை’, ‘நீரொடு’ என்பவற்றுள் காணாது. தமிழறிந்தவர் கண்ணுக்கு மெய்யின்மேல் உயிர் ஏறியது இயல்பான நிகழ்வு. கணினிக்கோ ஒரு குறி போய் வேறொரு குறி வந்துவிட்டது. புள்ளியை நீக்கி ‘நீர’ எனத் தேடினால் இவை கிடைக்கும். சொல் எங்கு முடிகின்றது என்னும் வரையறை இன்மையால் வேண்டாதனவும் உடன்வரும். ‘கொடி’ போன்ற சொற்களில் மற்றொரு சிக்கல் எழுகின்றது. ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகவும், கொம்பும் காலும் சேர்ந்த இரு குறியெண்களாகவும் இட இயலும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டையும் ஒருநிலைப்படுத்தும் படி இல்லாவிடில் ஒன்றைத் தேடுபவருக்கு மற்றது அகப்படாது.

இரண்டாவது, புணர்ச்சி. கண் என்பதனோடு நீர் புணர்ந்து ‘கண்ணீர்’ ஆகின்றது. நகரம் ணகரமாகத் திரிந்துவிட்டதால் ‘நீர்’ என்னும் தேடல் அதனைத் தவறவிடும். ‘தண்ணீர்’ என்பதையும் அவ்வாறே. ‘வெந்நீர்’ மட்டும் கிடைக்கும், அங்கு நகரம் நிற்பதால். அகராதியில் தனித்தலைச்சொல்லாகிய ‘கண்ணீர்’ என்பதை ‘நீர்’ பயிலும் இடங்களுள் ஒன்றாக எண்ணலாமா என்பது நிரலாளர் விடைகூறக்கூடிய வினா அன்று.

மூன்றாவது, பலபொருள் ஒருசொல். நன்னூல் எண்ணும் முன்னிலைப் பெயர்களுள் ‘நீர்’ என்பதும் ஒன்று. புனலைக் குறிக்கும் நீரையும் முன்னிலைப் பன்மையாகிய நீரையும் வடிவத்தால் பிரிக்க இயலாது.

நான்காவது, பாடம். ‘சங்கப் பாடல்கள்’ என்பது எந்தப் பதிப்பின் பாடல்கள்? சீர் அடிப்படையில் அச்சிட்ட பதிப்பில் வகையுளியால் ஒரு சொல் இரு சீர்களில் பிளவுபட்டு நிற்கும். மர்ரே எஸ். ராஜம் வெளியிட்ட சந்தி பிரித்த பதிப்புகளில் நிலை வேறு. மதுரைத் திட்டம் 1998 முதல் தன்னார்வலர்களின் உழைப்பால் மின்னூல்களை இலவசமாக வழங்கிவருகின்றது. அத்தகைய மின்வடிவம் ஒன்றை மூலமாகக் கொண்டால் அது எந்த அச்சுப் பதிப்பைத் தழுவியது என்பதையும் உடன்கொள்ள வேண்டும். பாடவேறுபாடுகள் தேடலுள் அடங்குமா என்பது அடுத்து எழும் வினா.

ஒரு தொடரில் ‘சொல்’, ‘வரும்’, ‘சங்கப் பாடல்கள்’, ‘அனைத்தும்’ ஆகிய நான்கு சொற்களும் இவ்வாறு ஐயத்திற்குரியனவாகின்றன. இவற்றை எழுப்பாத கூட்டம் விரைவாக முடியும். நிரலாளர் தமக்கு எளிதான பொருளைக் கொண்டு கருவியைச் செய்வார். அது பழுதின்றி இயங்கவும் செய்யும். அதன் சோதனைகள் அனைத்தும் தேறும், அவை அதே பொருளைக் கொண்டே எழுதப்பட்டமையால். பழுது வெளிப்படுவது ஆண்டுகள் கழித்து, ஓர் ஆய்வேட்டின் அடிக்குறிப்பில்.

எடுத்துக்காட்டும் பகுப்பும்

காண்டிகையின் மூன்றாம் உறுப்பாகிய எடுத்துக்காட்டுக்கு இணையாக நிற்பது ‘ஏற்பு வரையறை’. ஒரு பணி நிறைவேறியது என்பதை எதனைக் கொண்டு ஏற்பது என்பதை அது கூறும். டான் நார்த் 2006இல் விளக்கிய முறைப்படி சூழல், செயல், விளைவு என மூன்று பகுதிகளாக இது எழுதப்படுகின்றது. ஆங்கிலத்தில் மூன்று தனி வரிகளாக வரும் இதனைத் தமிழின் எச்சங்கள் ஒரே தொடரில் தாங்கிக்கொள்கின்றன: ‘குறுந்தொகை ஏற்றப்பட்டிருக்க, பயனர் “நீர்” எனத் தேடினால், “நீரின்”, “நீரொடு” என வரும் அடிகளும் காட்டப்பட வேண்டும்.’ இதற்கிணையாக எதிர்மறை எடுத்துக்காட்டும் தேவை: ‘“நீர்மை” என வரும் அடி காட்டப்படலாகாது.’ எதிர்மறை எடுத்துக்காட்டு எழுதப்படும்போதுதான் குழுவினரிடையே கருத்துவேறுபாடு வெளிப்படுகின்றது. ‘நீர்மை’யை ஏன் விலக்கவேண்டும் என ஒருவர் கேட்பார், அவ்வினாவுக்கான விடையில் ‘சொல்’ என்பதன் வரையறை உருப்பெறும்.

அட்டை பெரிதாயிற்று என அறிந்தபின் அதனைப் பகுக்க வேண்டும். பில் வேக் 2003இல் நல்ல பயனர் கதைக்குரிய ஆறு பண்புகளைத் தொகுத்தார். சார்பின்மை, பேசித் திருத்தத்தகும் நெகிழ்வு, பயன், அளவிடத்தகுமை, சிறுமை, சோதிக்கத்தகுமை என அவற்றைத் தமிழில் கூறலாம். ஆங்கில முதலெழுத்துகளால் ‘இன்வெஸ்ட்’ என நினைவிற்கொள்ளப்படும் இவற்றுள், பகுக்கும்போது முதலில் சேதமுறுவது பயனே. தரவுத்தளம் அமைத்தல், சொற்குறியீட்டு நிரல் எழுதுதல், திரை வரைதல் எனப் பகுத்தால் ஒவ்வொன்றும் சிறியதே. ஆயினும் மூன்றும் முடியும்வரை ஆய்வாளர் கையில் எதுவும் இல்லை. மாறாக, குறுந்தொகையின் 401 பாடல்களில் தட்டச்சிட்ட வடிவத்தை மட்டும் தேடுதல் முதற்பணி. வேற்றுமையேற்ற வடிவங்களைச் சேர்த்தல் அடுத்தது. புணர்ச்சித் திரிபுகளைச் சேர்த்தல் அதற்கடுத்தது. பொருள்வேறுபாடு குறித்தல், பாடவேறுபாடு காட்டல் என ஏனையவை. இவ்வாறு பகுத்தால் முதற்பணி முடிந்த அன்றே ஒரு கருவி கிடைக்கின்றது. அதன் குறையும் அன்றே தெரிகின்றது. வாழையை நெடுக்கில் கிழிப்பதற்கும் பட்டைபட்டையாக உரிப்பதற்கும் உள்ள வேறுபாடு இது எனலாம்.

இவ்வகைப் பகுப்பில் ஓர் இடர் மறைந்துள்ளது. இடைநிலையில் உள்ள கருவியும் ‘கருவி’ என்றே வழங்கப்பட்டு, ஆய்வாளர் அதனைப் பயன்படுத்தத் தொடங்கிவிடுவார். நிதி முடிந்து மூன்றாம் பணியோடு திட்டம் நின்றுபோனால், ‘அனைத்தும்’ என்று விளம்பிய பெயர்ப்பலகையின்கீழ் ஒரு பகுதிக்கருவியே நிலைபெறும்.

அளவீட்டில் வெளிப்படும் பொருள்வேறுபாடு

ஜேம்ஸ் கிரெனிங் 2002இல் அறிமுகப்படுத்திய ‘பிளானிங் போக்கர்’ முறையில், குழுவினர் ஒவ்வொருவரும் ஒரு பணியின் ஒப்பீட்டளவைக் குறிக்கும் எண்ணட்டையை மறைத்துவைத்து ஒரேநேரத்தில் காட்டுவர். 1, 2, 3, 5, 8, 13 எனச் செல்லும் எண்களில் ஒருவர் 3 எனவும் மற்றொருவர் 13 எனவும் காட்டினால் இருவரும் காரணம் கூறவேண்டும். மேற்கூறிய அட்டைக்கு 3 இட்டவர் குறித்தொடர்த் தேடலை எண்ணியிருப்பார்; 13 இட்டவர் ‘கண்ணீர்’ என்பதை எண்ணியிருப்பார். இருவரும் ஒரே பணியை வேறுவேறாக அளந்தார்கள் என்பதைவிட, ஒரே தொடரில் இருவேறு பணிகளைப் படித்தார்கள் என்பதே பொருந்தும். 3க்கும் 13க்கும் இடையே 8 எனச் சமரசம் செய்துகொள்ளும் குழு எண்ணைப் பெற்று வினாவை இழக்கின்றது. வரிசையில் இளையவர் முதலில் எண்ணைக் கூறத் தயங்கும் அலுவலகங்களில், ஒரேநேரத்தில் காட்டுதல் என்னும் விதிக்கு அதனினும் பெரிய பயன் உண்டு: மூத்தவர் இட்ட எண்ணைப் பார்த்து அதனையே வழிமொழிய வாய்ப்பில்லை.

ஒப்புமை பொருந்தாத இடங்கள்

உரைமரபோடு காணும் ஒப்புமையை அளவுகடந்து நீட்டலாகாது. உரையாசிரியருக்கு மூலம் மாற்றத்தகாதது. நூற்பாவில் குறைகண்டாலும் இலேசினாலும் மிகையினாலும் பொருள்கொண்டு மூலத்தைக் காப்பார். செம்மையாக்கத்தில் மூலமே திருத்தப்படுகின்றது. பயனற்றது எனக் கண்டால் நீக்கவும்படுகின்றது. நெடுங்காலம் எவரும் தொடாத அட்டையைத் துணிந்து நீக்குவதும் செம்மையாக்கமே. இரண்டாவதாக, உரையாசிரியர் காலத்தில் நூலாசிரியர் இல்லை. இங்கோ அட்டை எழுதியவர் எதிரில் அமர்ந்திருக்கின்றார். கேட்டால் விடை கிடைக்கும். கேளாமல் ஊகித்துச் செய்யும் குழு, உயிரோடிருக்கும் ஆசிரியருக்கு உரையெழுதப் புகுந்தது போலாகும்.

மூன்றாவது வேறுபாடு இக்கட்டுரையின் பொருளுக்கு நெருங்கியது. உரைமரபு தன் வினா விடைகளை ஏட்டில் ஏற்றி வைத்தது. இறையனார் களவியலுரை பத்துத் தலைமுறை வாய்மொழியாகக் கைமாறி வந்ததாக அவ்வுரையே கூறினும், ஈற்றில் அதுவும் எழுத்துவடிவம் பெற்றது. செம்மையாக்கத்தின் வாய்மொழி உரையோ கூட்டம் கலைந்ததும் கலைகின்றது. ஆவணச்சுமையைக் குறைக்கப் புகுந்த அஜைல் அணுகுமுறை உரையாடலை உயர்த்தியது சரியே. ஆனால் உரையாடலில் எடுத்த துணிவுக்குரிய காரணத்தைக் குறித்துவைப்பது சுமை ஆகாது. ‘கண்ணீர்’ விலக்கப்பட்டது என்பதை நிரல் காட்டும். ஏன் விலக்கப்பட்டது என்பதை நிரல் காட்டாது. குழுவில் இருந்தவர்கள் ஓரிரு ஆண்டுகளில் வேறு பணிக்குச் சென்றபின் அக்காரணம் எவரிடமும் இராது. அட்டையின் அடியில் ‘துணிவு’ என ஒரு வரியும் ‘காரணம்’ என ஒரு வரியும் சேர்க்க ஐந்து நிமிடங்கள் போதும்.

இத்தகைய கருவிகளை உருவாக்கும் திட்டங்களில் தமிழறிஞர்களின் பங்கு, தொடக்கத்தில் தேவை உரைப்பதோடும் இறுதியில் வெளியீட்டு விழாவில் வாழ்த்துரைப்பதோடும் நின்றுவிடக்கூடிய நிலை உள்ளது. வினாக்கள் எழுவது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில், வாரந்தோறும் கூடும் அச்சிறு கூட்டத்தில். பொருட்பொறுப்பாளர் தமிழறிஞராகவே இருத்தல் எல்லாத் திட்டங்களிலும் இயலாது. வரிசைப்படுத்தலும் நிதிக்கணக்கும் அவருக்கு வேறு சுமைகள். ஆனால் பதப்பொருள் கூறவும் எதிர்மறை எடுத்துக்காட்டுத் தரவும் வல்ல ஒருவர் அக்கூட்டத்தில் வாரம் ஒருமணி நேரம் அமர்வது இயலாததன்று. அவர் நிரல் அறிந்திருக்க வேண்டியதில்லை. ‘நீர்’ என்றால் ‘நீரின்’ என்பதும் வருமா என்று கேட்டால் போதும்.

அவர் அமரும் கூட்டத்தில் முதலில் எழுதத்தக்க ஏற்பு வரையறை ஒன்றுண்டு. தேடிய வடிவம் கிடைக்காதபோது திரையில் தோன்றும் தொடர் எது என்பதைப் பற்றியது அது. ‘இச்சொல் இல்லை’ என்பது அத்தொடராக அமையலாகாது. முதற்பணி மட்டும் முடிந்த நிலையில், ‘தட்டச்சிட்ட வடிவம் குறுந்தொகையின் இப்பதிப்பில் கிடைக்கவில்லை, வேற்றுமையேற்ற வடிவங்களும் புணர்ச்சித் திரிபுகளும் பாடவேறுபாடுகளும் தேடப்படவில்லை’ எனத் திரை கூறவேண்டும். ஒவ்வொரு பணியும் நிறைவுறும்போது அத்தொடரின் பிற்பாதியிலிருந்து ஒரு சொல் நீக்கப்படும்.